வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்குத் துணைநிற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தோழியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, உடன் வேலை செய்பவரோ, சொந்தத் தங்கையோ வீட்டில் அடிபடுகிறார் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்பதைத் தமிழ்நாட்டின் நடைமுறையை வைத்து இங்கே எழுதுகிறேன். இத்தகைய பெண்களுடன் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பல ஆண்டுகளாகத் துணைக்குப் போய் வந்திருக்கிறேன். உதவ முன்வரும் புதியவர்கள் சட்டம் தெரியாமல் இடறியதைவிட, வரிசை தவறி இடறியதையே அதிகம் பார்த்திருக்கிறேன். எட்டாவதாகச் செய்ய வேண்டியதை இரண்டாவதாகச் செய்துவிடுகிறார்கள். அதன் அடி அந்தப் பெண்மீது விழுகிறது.

இதைப் படிக்கும் நேரத்திலேயே பக்கத்து வீட்டில் அடி நடந்துகொண்டிருந்தால் 112ஐ அழையுங்கள். காவல்துறை வருவதற்குள் இருவராகச் சேர்ந்து போய்க் கதவைத் தட்டி, தண்ணீர் மோட்டாரைப் பற்றியோ கேஸ் சிலிண்டரைப் பற்றியோ ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். யாரையும் குற்றம் சாட்டாமல் குறுக்கே ஓர் ஆள் வந்து நிற்பதே பல நேரங்களில் அந்த நிமிடத்தின் அடியை நிறுத்தும். தனியாகப் போகாதீர்கள், உள்ளே நுழையாதீர்கள்.

1. பேசுவதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை

முதலில் எண்கள். 181 பெண்களுக்கான இலவச உதவி எண். இரவு பகலாக இயங்குகிறது. 15100 இலவசச் சட்ட உதவிக்கு, 1098 குழந்தைகளுக்கு, 14416 மனநல ஆலோசனைக்கு. இவற்றை நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணிடம் துண்டுச்சீட்டாகக் கொடுக்காதீர்கள். கணவர் கையில் அகப்படும் ஒரு துண்டுச்சீட்டு அன்றிரவுச் சண்டைக்குப் போதுமானது. 181ஐ மட்டுமாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

அடுத்து இடங்கள். மாவட்ட சமூக நல அலுவலகம், பாதுகாப்பு அலுவலர் (குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பெண்களுக்கு உதவ அரசு நியமித்தவர்) அமரும் அறை, அடிபட்ட பெண்களுக்கு உதவும் 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம், நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றை நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் பேருந்து, எந்த மாடி, அலுவலர் எந்த நாளில் இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வரும் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதை வழி விசாரிப்பதில் தொலைக்கக் கூடாது.

கடைசியாக உங்கள் எல்லை. நள்ளிரவில் அழைத்தால் எடுப்பீர்களா, உங்கள் வீட்டில் ஓரிரவு தங்க வைக்க முடியுமா, எவ்வளவு பணம் கொடுக்க முடியும் என்பதை உங்கள் வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முடியாததை வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குவதைவிட, "பகலில் நான் இருக்கிறேன், இரவில் 181" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது அந்தப் பெண்ணுக்குப் பயன்படும்.

2. முதல் பேச்சு

இடமும் நேரமும் முக்கியம். கணவரோ மாமியாரோ வீட்டில் இல்லாத நேரமாக இருந்தாலும், பேசத் தெரிந்த குழந்தை முன்னால் பேசாதீர்கள். குழந்தை வஞ்சகமில்லாமல் அப்படியே அப்பாவிடம் ஒப்பிக்கும். கோயில் பிரகாரம், பள்ளி வாசல், தையல் கடை, வேலையிடத்துச் சாப்பாட்டு நேரம் போன்றவை பொருத்தமானவை. செல்பேசியில் எழுதிக் கேட்பதைத் தவிருங்கள்.

கேள்வியை எளிதாகத் தொடங்குங்கள். "கொஞ்ச நாளா உன் முகமே சரியில்ல. வீட்டுல எல்லாம் சரியா இருக்கா? என்கிட்ட சொன்னா வெளிய போகாது" என்ற அளவு போதும். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் 14 விழுக்காட்டினரே உதவி தேடியிருந்தார்கள். 77 விழுக்காட்டினர் உதவி தேடவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆகவே உங்களிடம் சொல்லும் பெண் பெரும்பாலும் வாழ்க்கையில் முதல் முறையாகச் சொல்கிறார். அந்த முதல் பதில் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் இரண்டாவது ஆளிடம் வாய் திறப்பார்.

சொல்லக்கூடாதவை சில உண்டு. "நீ என்ன பண்ண, அவரு ஏன் அடிச்சாரு?" என்பது விசாரணை. "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்பது அவர் ஏற்கெனவே நூறு முறை கேட்ட அறிவுரை. "அவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கணவரைத் திட்டுவதும் தவறு, மறுநாள் கணவர் மன்னிப்புக் கேட்டால், அந்தப் பெண் உங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். "இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்ற கேள்வியையும் விழுங்கிவிடுங்கள்.

சொல்ல வேண்டியவை மிகக் குறைவு. நீ சொல்வதை நம்புகிறேன். இது உன் தவறு அல்ல. என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்வாய், நான் கூட இருப்பேன். இந்த மூன்றாவது வாக்கியத்தில் பலர் வழுக்குகிறார்கள். எத்தனை ரூபாய் செலவழிக்கலாம், யாரிடம் பேசலாம், எப்போது தூங்கலாம் என்பதையெல்லாம் இன்னொருவர் தீர்மானிக்கும் வீட்டிலிருந்து வரும் பெண்ணுக்கு, நீங்களும் ஒரு தீர்மானத்தைத் திணித்தால் ஆள்தான் மாறியிருக்கும்.

அடி மட்டுமே வன்முறை என்று அந்தப் பெண்ணே நினைத்துக்கொண்டிருக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உடல், பாலியல், வார்த்தை மற்றும் மன ரீதியான கொடுமையோடு பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே வரையறுக்கிறது. சம்பளத்தைப் பிடுங்குவது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராதது, நகையை விற்றுவிடுவது ஆகியவை அதில் அடங்கும். மகன் கையால் அடிபடும் தாய், அண்ணனால் துன்பப்படும் தங்கை, திருமணம் போன்ற உறவில் ஒரே வீட்டில் வாழும் பெண் ஆகியோருக்கும் இச்சட்டம் பொருந்தும். மகனிடம் அடிபடும் வயதான தாய்மாரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம் என்பதால் இதைத் தனியே சொல்கிறேன்.

3. ஆபத்தின் அளவைக் கணித்தல்

திட்டம் போடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எல்லா வீட்டிலும் ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. எவ்வளவு நேரம் நம் கையில் இருக்கிறது என்பது இதைப் பொறுத்தது.

கேட்க வேண்டியவை இவை. கழுத்தை நெரித்தது உண்டா? கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது உண்டா? அரிவாள், கத்தி, மண்ணெண்ணெய் எதையாவது எடுத்தது உண்டா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? நீ போனால் நான் செத்துவிடுவேன் என்கிறாரா? போகிற இடமெல்லாம் பின்தொடர்கிறாரா? கடந்த சில மாதங்களில் அடி அதிகமாகியிருக்கிறதா?

கழுத்து நெரிப்புக்கு "ஆமாம்" என்ற பதில் வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைக் கவனியுங்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவர் பின்னொரு நாள் கொலை வரை போகும் வாய்ப்பு பலமடங்கு அதிகம். வெளியே தழும்பே இல்லாமல் உள்ளே இரத்தக் குழாயோ மூச்சுக் குழாயோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அதன் விளைவு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ தாமதித்து வெளிப்படலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண்ணில் இரத்தப் புள்ளிகள், நெரித்தபோது சிறுநீர் கழிந்தது, நினைவு தப்பியது ஆகியவற்றைக் கேட்டறிந்து, அண்மையில் நடந்ததென்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் பெண்ணே சாவதைப் பற்றிப் பேசினால் சுற்றி வளைக்காமல் "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பேச ஆள் கிடைக்கிறது. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள்.

இன்னொன்றை நெஞ்சில் எழுதி வையுங்கள்: பெண் பிரிந்து செல்லும் நாள்களும், பிரியப் போகிறார் என்று கணவருக்குத் தெரிய வரும் நாள்களும்தான் மிகவும் ஆபத்தானவை. ஆகவே நாம் கணவரிடம் போய், "எல்லாம் எங்களுக்குத் தெரியும், ஒழுங்கா இரு" என்று எச்சரிப்பது உதவி ஆகாது. அந்தப் பெண் வெளியே பேசிவிட்டார் என்ற செய்தியை நாமே அவரிடம் சேர்த்ததாகும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே முதலிடம் பெறுகிறது. நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதால் தடுப்பதும் கடினம்.

4. செல்பேசி

இதை வீட்டைவிட்டு வெளியேறும் திட்டத்துக்கு முன்னால் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. செல்பேசி கணவரின் கண்காணிப்பில் இருந்தால் அதன் வழியாகப் போடும் எந்தத் திட்டமும் இரகசியமாக இராது.

வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பாருங்கள். வேறொரு கணினியோ செல்பேசியோ அதில் தெரிந்தால் செய்திகளை இன்னொருவரும் படிக்கிறார். கூகுள் வரைபடத்தில் இருப்பிடப் பகிர்வு இயங்குகிறதா, ஜிமெயில் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

கண்டுபிடித்தவுடன் எல்லாவற்றையும் அணைக்கத் தோன்றும், அணைக்காதீர்கள். நேற்று வரை தெரிந்த இருப்பிடம் இன்று தெரியாமல் போனால் கணவர் உஷாராகிவிடுவார். அந்தச் செல்பேசியை வழக்கம்போல் சமையல் குறிப்புக்கும் சீரியலுக்கும் பயன்படுத்தட்டும். உங்களோடு பேசுவதற்கு வேலையிடத்துத் தொலைபேசியையோ தோழியின் செல்பேசியையோ வேறு பெயரில் வாங்கிய பட்டன் போனையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் எந்த எண்ணுக்கு வருகிறது என்பதையும் இதே கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மிகவும் தேவைப்படும்.

5. பாதுகாப்புத் திட்டம்

அந்தப் பெண் வெளியேற முடிவு செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் திட்டம் தேவை. இன்றிரவு அவர் அந்த வீட்டில்தான் தூங்கப் போகிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுக்குள் சண்டை மூளும்போது சமையலறைக்கும் குளியலறைக்கும் போகாமல் இருக்கச் சொல்லுங்கள். ஒன்றில் கத்தியும் அடுப்பும் இருக்கின்றன, மற்றதற்கு வேறு வாசல் இல்லை. வாசலுக்கு அருகிலுள்ள அறையே நல்லது. அடிப்பவரைத் தடுக்கக் குழந்தைகள் குறுக்கே பாயக்கூடாது என்றும், ஓடி எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஒரு சங்கேதச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். யார் காதில் விழுந்தாலும் சந்தேகம் வராத வாக்கியமாக இருக்கட்டும். "அக்கா, அந்த ஜாக்கெட் தைச்சாச்சா?" என்று கேட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சொல்லை மட்டும் முடிவு செய்துவிட்டுச் செயலைப் பேசாமல் விட்ட இடங்களில், அழைப்பு வந்தபோது உதவியாளர் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஆவணங்களில் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, அது இல்லாவிட்டால் அழைப்பிதழும் திருமணப் படமும் தேவை. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்கக்கூடாது. பீரோ காலியானால் கண்ணில் படும். படி எடுத்து உங்களிடம் சேர்ப்பது முதல் வாரம், மூலத்தை ஒவ்வொன்றாக எடுப்பது அடுத்த வாரங்கள் என்று வையுங்கள். மருந்து, மாற்றுத் துணி, வீட்டுச் சாவியின் நகல் ஆகியவற்றோடு ஒரு கட்டைப்பை உங்கள் வீட்டிலோ அவர் வேலை செய்யும் இடத்திலோ இருக்கட்டும்.

நகை பெரிய விஷயம். சீராக வந்த நகையும் பாத்திரமும் சீதனம். அவை அந்தப் பெண்ணுக்கே உரியவை, நீதிமன்றம் திருப்பித் தர உத்தரவிடலாம். ஆனால் எவை கொடுக்கப்பட்டன என்று காட்ட வேண்டும். திருமண ஆல்பத்தில் நகை தெரியும் படங்கள், நகைக்கடை ரசீது, அடகுச் சீட்டு ஆகியவற்றைப் படமெடுத்து, தாய்வீட்டாரிடம் கேட்டு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். தாய்வீட்டார் நம்பத்தக்கவர்களா என்பதை அந்தப் பெண்ணிடம் கேட்ட பிறகே அவர்களை அணுகுங்கள். "வாழாவெட்டியா வந்து நிக்காதே" என்று திருப்பி அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1000 ரூபாய் அவர் பெயரில் வந்துகொண்டிருந்தால், அந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் கணக்கில் வரும் பணத்தை இன்னொருவர் எடுப்பது பல வீடுகளில் வழக்கமாகவே இருக்கிறது. புதிய வங்கிக் கிளையில் தனிக் கணக்கு தொடங்கி, கடிதங்கள் வீட்டுக்கு வராதபடி பார்த்துக்கொள்ளலாம். கையில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்பதால், வெளியேறும் வழியை அந்தப் பேருந்துத் தடத்தை வைத்தே திட்டமிடுங்கள்.

6. காயமும் சான்றும்

அடிபட்ட பின் அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்வார்கள், ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதில் நோயாளி சொன்னதுதான் எழுதப்படும். பயத்தில் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அதுவே நிலைத்துவிடும். இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதை எடுத்து நீட்டும். உண்மையைச் சொன்னால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். இந்த இரண்டையும் மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே அவரிடம் விளக்கி, எதைச் சொல்வது என்று அவர் தீர்மானித்த பிறகு உள்ளே போங்கள். மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது குடும்ப வன்முறைச் சட்ட விதிகளின்படி அவருடைய உரிமை.

காயத்தைப் படமெடுக்கும்போது முகம் தெரியும் ஒரு படம், காயம் மட்டும் தெரியும் ஒரு படம் என இரண்டு வேண்டும். மறுநாளும் மூன்றாம் நாளும் திரும்ப எடுங்கள். கன்றிப்போவது அப்போதுதான் நன்றாகத் தெரியும். மிரட்டல் செய்திகளைத் திரைப்பிடிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூலச் செய்தியை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சான்றிதழ் ஒன்று இணைக்க வேண்டியிருக்கும். அதற்கு மூலக் கருவி இருப்பது நல்லது.

தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று நான்கு வரிக் குறிப்பு ஒவ்வொரு நிகழ்வுக்கும் இருக்கட்டும். அந்தப் பெண்ணின் வீட்டில் நோட்டு வைக்க வேண்டாம்; அவர் சொல்ல நீங்கள் எழுதி வையுங்கள், அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். உங்கள் கோபத்தை அதில் சேர்க்காதீர்கள்.

7. எந்த அலுவலகத்துக்கு முதலில் போவது

இங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன என்பதைப் பெண்ணுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், குழந்தைகளின் பொறுப்பு ஆகியவற்றுக்கு உத்தரவு கேட்பது. இதில் கணவரைச் சிறைக்கு அனுப்புவது நோக்கமில்லை. மற்றொன்று, பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 85இன் கீழ் கணவர்மீதோ அவருடைய உறவினர்மீதோ குற்ற வழக்கு. 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ என்று அறியப்பட்டது இதுதான். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம்.

"அவரு உள்ள போக வேணாம், அடிக்காம இருந்தா போதும்" என்று சொல்லும் பெண்ணை நேரே காவல் நிலையத்துக்கு இழுத்துப் போவது தவறு. குற்ற வழக்கு பதிவானால் நிலையத்திலேயே சமரசம் பேசி அதைத் திரும்பப் பெற முடியாது. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் முடிக்க வேண்டியிருக்கும். வழக்குப் பதிவானவுடன் கணவரைக் கைது செய்துவிடுவார்கள் என்றும் எண்ணக்கூடாது. ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் காரணமின்றிக் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் கூறிவிட்டது. பெரும்பாலும் விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்று மாலை அவர் வீட்டுக்கு வருவார் என்பதை வைத்தே திட்டம் போடுங்கள்.

உயிராபத்து இல்லாத நிலையில் நான் முதலில் அழைத்துச் செல்வது பாதுகாப்பு அலுவலரிடம். அவர் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரிப்பார்; டி.ஐ.ஆர். என்றே எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். இன்னொருவர் சார்பில் நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் தருபவர்மீது வழக்குப் போட முடியாது என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. ஆனால் உயிராபத்து இல்லாதபோது அந்தப் பெண்ணின் சம்மதமின்றி இதைப் பயன்படுத்தாதீர்கள்.

தங்குவதற்கு உடனடியாக இடம் வேண்டுமென்றால் 181 மூலமாகவோ நேரிலோ ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகலாம். அங்கே சில நாள்களே தங்க முடியும். அடுத்த இடத்தைப் பற்றிய பேச்சை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

8. காவல் நிலையத்தில்

புகாரை எழுத்தில் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல், கடைசியாக நடந்த நிகழ்விலிருந்து தொடங்கி எழுதுங்கள். பத்து ஆண்டுக் கதையைத் தொடக்கத்திலிருந்து எழுதினால் நேற்றைய அடி நான்காம் பக்கத்துக்குப் போய்விடும். மனு ஏற்பு ரசீதான சி.எஸ்.ஆர். வாங்காமல் வெளியே வராதீர்கள். எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியச் சட்டம் இடம் தருகிறது. அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுவது வழக்கம். கணவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "என்னம்மா, சேர்ந்து வாழ்றியா?" என்று கேட்டால் பெண்ணால் உண்மையான பதில் சொல்ல முடியாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்க அவருக்குத் துணிவு வராது. அதை நீங்கள் கேளுங்கள். சமாதானக் கடிதத்தில் "இனிமேல் சண்டை போட மாட்டோம்" என்று இருவரும் எழுதிக் கொடுப்பது போன்ற வாசகம் இருந்தால் கையெழுத்திட வேண்டாம். அடித்தவரும் அடிபட்டவரும் சமம் என்று அந்தத் தாள் பின்னாளில் பேசும்.

9. நீதிமன்றம்

பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாப்பு, குடியிருப்பு, பணம் ஆகியவற்றுக்கு உத்தரவு கேட்டு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12இன் கீழ் போடும் மனுவை அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் தாக்கல் செய்யலாம். தாய்வீட்டுக்கோ விடுதிக்கோ வந்துவிட்டவர் புகுந்த ஊருக்குப் பயணம் போக வேண்டியதில்லை. வன்முறை நடந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்பதற்காக மனுவைத் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாக்கியது.

முதல் விசாரணை மூன்று நாள்களுக்குள், முடிவு 60 நாள்களுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் வழக்கு மாதக்கணக்கில் நீளும். ஆகவே இடைக்கால உத்தரவைக் கேட்டுப் பிரமாணப் பத்திரத்தை மனுவோடு சேர்த்தே தாக்கல் செய்யும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். இதை முதல் நாளில் விட்டுவிட்டவர்கள் பிறகு வாய்தா வாய்தாவாக அலைந்திருக்கிறார்கள்.

வீடு மாமனார் பெயரில் இருப்பதால் உரிமை இல்லை என்று பெண்ணிடம் சொல்லியிருப்பார்கள். திருமண உறவில் சேர்ந்து வாழ்ந்த வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்குகளில் இருவரும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சம் மனுத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். கணவரின் சம்பளச் சீட்டு, வாகனப் பதிவு, கடையின் பெயர்ப் பலகைப் படம் ஆகியவற்றை முன்பே சேர்த்து வைத்திருந்தால் அவை இங்கேதான் கைகொடுக்கும்.

மனு தாக்கலாகி நோட்டீஸ் கணவர் கைக்குப் போய்ச் சேரும் நாள் ஆபத்தான நாள். அது எப்போது போகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டு, அந்த வாரத்தில் பெண்ணும் குழந்தைகளும் எங்கே இருப்பார்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். பாதுகாப்புத் திட்டத்தை இந்த வழிகாட்டியில் நீதிமன்றப் பகுதிக்கு முன்பே எழுதியதற்கு இதுவே காரணம்.

10. வெளியேறிய பிறகும், உத்தரவு வந்த பிறகும்

பாதுகாப்பு உத்தரவின் நகலை அவர் கைப்பையில் ஒன்று, உங்களிடம் ஒன்று, வேலையிடத்தில் ஒன்று என வையுங்கள். உத்தரவை மீறுவது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 31இன் கீழ் தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஒவ்வொரு மீறலையும், வாசலில் வந்து நின்றதாக இருந்தாலும், தேதியோடு பதிவு செய்து புகாராகக் கொடுங்கள். முதல் இரண்டு மீறல்களை "போகட்டும்" என்று விட்டால் மூன்றாவதை நிறுவுவது கடினமாகிறது.

குழந்தைகளின் பள்ளியை மாற்றும்போது பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் கவலைப்பட வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை. புதிய பள்ளியில் யார் வந்து குழந்தையை அழைத்துப் போகலாம் என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

முகவரியைக் கேட்டு வரும் உறவினர்களிடம் நீங்களும் வாய் தவறக்கூடாது. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ஒரு தடவை பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று அழைப்பு வந்தால், செய்தியை மட்டும் பெண்ணிடம் சேர்த்துவிட்டு, எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லாதீர்கள்.

11. அவர் திரும்பிப் போனால்

பெரும்பாலோர் ஒருமுறையாவது திரும்பிப் போகிறார்கள். குழந்தை அப்பாவைக் கேட்டு அழும். கையில் பணம் தீரும். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேசுவார்கள். கணவர் உண்மையாகவே மாறிவிட்டார் என்று தோன்றும். இந்தக் கட்டத்தில் "இவ்வளவு செஞ்சும் திரும்பப் போயிட்டாளே" என்று கோபித்துக்கொண்டு விலகும் உதவியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். களைப்பு எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்த விலகல், அடுத்த முறை அடி விழும்போது அந்தப் பெண் அழைக்கக்கூடிய ஒரே எண்ணை அழித்துவிடுகிறது.

ஆவணப் படிகளையும் குறிப்புகளையும் திருப்பிக் கொடுக்காமல் உங்களிடமே வைத்திருக்க அவரிடம் அனுமதி கேளுங்கள். கட்டைப்பை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சங்கேதச் சொல் இன்னும் செல்லும் என்று சொல்லுங்கள். அடுத்து எந்த நாள், எந்த நேரத்தில் அழைத்தால் அவர் தனியாக இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் அழையுங்கள்.